அத்தை கட்டிய வெளிச்சக் கூடு



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் கொழும்பிலிருந்து ஒரு படம் அனுப்பினான். கட்டட வேலையாக அங்கே போயிருக்கிறான். தெரு முழுக்கக் காகிதக் கூடுகள் தொங்குகின்றன. மூங்கில் சிம்பில் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த கூடுகள். ஓரத்தில் பந்தல் போட்டு, போகிற வருகிற எல்லோருக்கும் சோறு போடுகிறார்கள். "சார், இங்கே என்னவோ திருவிழா. காசே வாங்க மாட்டேன் என்கிறார்கள். இது என்ன சார்?" என்று கேட்டிருந்தான்.

அதன் பெயர் வெசாக் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஆனால் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கூடு எனக்குப் புதிதில்லை. நம் ராசிங்காபுரத்தில், எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மேலேயே அது பல வருடம் தொங்கியது. கட்டியது என் அத்தை. அதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. நாற்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், பரீட்சை கிடையாது.

முதலில் பாடம்.

வைசாகம் என்பது வடமொழிக் கணக்கில் ஒரு மாதம். அந்த மாதத்துப் பௌர்ணமிதான் வெசாக். நம் பஞ்சாங்கத்தில் சில வருடம் சித்திரையிலும் சில வருடம் வைகாசியிலும் வரும். இந்தியாவில் புத்த பூர்ணிமா என்கிறோம். புத்தர் லும்பினியில் பிறந்தது, கயையில் போதி மரத்தடியில் ஞானம் பெற்றது, எண்பது வயதில் குசிநகரில் கண் மூடியது, இந்த மூன்றும் ஒரே பௌர்ணமியில் நடந்தன என்பது இலங்கை, பர்மா, தாய்லாந்து பௌத்தர்களின் நம்பிக்கை. நாம் பிறந்தநாளை ஒரு நாளிலும் நினைவுநாளை வேறொரு நாளிலும் வைக்கிறோம். அவர்கள் இரண்டையும் ஒரே நாளில் வைத்து, நடுவில் ஞானத்தையும் வைத்துவிட்டார்கள். பிறந்தவர் இறப்பார், இடையில் விழித்துக்கொள்ள முடியும் என்பதுதான் அந்த நாளின் சுருக்கம்.

அன்று பௌத்தர்கள் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போவார்கள். கொல்லாமை, திருடாமை, பிறன்மனை நாடாமை, பொய் சொல்லாமை, மது அருந்தாமை என்ற ஐந்து சீலங்கள் எப்போதும் உள்ளவை. வெசாக் அன்று பலர் எட்டுச் சீலம் எடுப்பார்கள். அப்படி எடுத்தவர்கள் உச்சிப்பொழுதுக்குப் பிறகு உண்ண மாட்டார்கள், ஆடல் பாடல் அலங்காரம் விலக்குவார்கள், உயர்ந்த படுக்கையில் படுக்க மாட்டார்கள். இலங்கையில் அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும்.

பூ வைப்பார்கள், விளக்கு ஏற்றுவார்கள். பார்க்க நம் கோயில் மாதிரியே இருக்கும். ஆனால் எண்ணம் வேறு. இந்தப் பூ வாடப்போகிறது, அதுபோல என் உடம்பும் வாடும் என்று நினைத்துக்கொண்டுதான் பூவை வைக்கிறார்கள். எனக்கு இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்பதற்காக அல்ல. செய்த நல்ல காரியத்தின் புண்ணியத்தை இறந்துபோன தம் மனிதர்களுக்கும் பங்கு கொடுப்பார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மாணவன் பார்த்த சோற்றுப் பந்தலுக்குச் சிங்களத்தில் தன்சல் என்று பெயர். தானசாலை என்ற சொல்லிலிருந்து வந்தது. சோறு, கிழங்கு, கடலை, குளிர்பானம் என்று யாரால் எது முடியுமோ அதைக் கொடுப்பார்கள். நீ யார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. நம் வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறோமே, அதை ஒரு நாடு முழுக்கச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே வெயில் காலத்தில்தான் வருகின்றன.

இன்று அங்கே வெசாக்குக்கு இரண்டு நாள் விடுமுறை. ஆனால் ஆங்கிலேயர் ஆண்டபோது நெடுங்காலம் விடுமுறையே கிடையாது. 1883-ல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களின் ஊர்வலத்தில் கலவரம் நடந்தது. நியாயம் கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து, அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டை லண்டனுக்கு அனுப்பி வழக்கைச் சொல்ல வைத்தார்கள். அதன் பிறகு 1885 ஏப்ரல் 28-ந் தேதி வெசாக் முதல்முறையாக அரசு விடுமுறையானது. இன்று உலகமெங்கும் காணும் பௌத்தக் கொடியும் அந்த நாளில்தான் முதன்முதலாக ஏறியது. 1999 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையும் இந்த நாளை ஏற்றுத் தீர்மானம் போட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறை ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இனி என் கதை.

என் தாத்தா காலத்தில் நம் பக்கத்துச் சனம் பஞ்சம் பிழைக்க இரண்டு திசையில் போனது. மேற்கே ஏறினால் போடிமெட்டு, ஏலக்காடு. கிழக்கே போனால் மண்டபம், கடல், இலங்கைத் தேயிலைக் காடு. என் அப்பாவுடன் பிறந்த ஒரே அத்தையைக் கட்டிக்கொடுத்த குடும்பம் கிழக்கே போனது. அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வீடு. அத்தை கொழுந்து எடுத்தாள். மாமா கவாத்து வெட்டினார்.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழர்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு அங்கேயே குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். வகுப்பில் இந்த எண்களை உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்த 5,25,000-க்குள் என் அத்தை குடும்பமும் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் 1975-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வந்து சேர்ந்தார்கள். இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, ஒரு பெண் பிள்ளை. எங்கள் வீட்டுக்குப் பின்கட்டில் குடியிருந்தார்கள். மாமா வந்த இரண்டாம் வருடம் தவறிவிட்டார். அத்தை ஜீப்பேறி ஏலக்காட்டுக்குப் பழம் எடுக்கப் போனாள்.

முதல் வருடம் வைகாசி பிறந்ததும் அத்தை மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் பட்டம் செய்கிறாள் என்று நினைத்தோம். எட்டு முகம் வைத்துக் கூடு கட்டி, பட்டத்தாள் வாங்கி, மைதா பசை காய்ச்சி ஒட்டினாள். கீழே வால் மாதிரி தாள் நறுக்கித் தொங்கவிட்டாள். பௌர்ணமி அன்று பொழுது சாய, உள்ளே மெழுகுவர்த்தி வைத்துத் திண்ணை உத்திரத்தில் கட்டினாள். தெருப் பிள்ளைகளெல்லாம் வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை அவித்த கடலை கொடுத்தாள். "என்ன அத்தை இது?" என்றால், "வெசாக்குய்யா" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். மற்றபடி அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வீரபாண்டிக்கு நடந்தே போவாள். புத்தர் படம்கூட அவளிடம் கிடையாது.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். நம் ஊரில் கடையடைப்பு, மாணவர் ஊர்வலம். நானும் ஊர்வலத்தில் போனேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான்.

அடுத்த வருடம், 1984 மே மாதப் பௌர்ணமி. பள்ளிக்கூடம் லீவு. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மேலே அத்தையின் கூடு எரிகிறது. ஒருவன் சிரித்துக்கொண்டே, "அங்கே நம்ம ஆளுகளைக் கொளுத்துறான், இங்கே வாத்தியார் வீட்டுல அவன் விளக்கு எரியுது" என்றான்.

நான் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கூட்டை அறுத்துக் கீழே போட்டு மிதித்தேன். மெழுகுவர்த்தி உருண்டு அணைந்தது. அத்தை கையில் கடலைச் சட்டியோடு வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து சிம்பையெல்லாம் பொறுக்கினாள். கடலையை எப்போதும்போல் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கூடு கட்டவே இல்லை.

நான் அன்று சரியான காரியம் செய்ததாகவே நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏழெட்டு வருடம் கழிந்தது. பள்ளி இலக்கிய மன்றத்தில் மணிமேகலை பற்றிப் பேசும்படி தமிழையா கேட்டிருந்தார். நான் சரித்திர வாத்தியார், எனக்குக் காப்பியம் அவ்வளவு பழக்கமில்லை. அதனால் வீட்டில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அத்தை ஓரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் மதுரையில் தொடங்குகிற கதை. ஆபுத்திரன் என்று ஒருவன். பெற்றவள் போட்டுவிட்டுப் போக, பசு பால் கொடுத்துக் காத்த பிள்ளை. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்டு மதுரைக்கு வந்தான். சிந்தாதேவி கோயில் வாசலில் தங்கி, பிச்சை எடுத்து, கண்ணில்லாதவர், காதில்லாதவர், நோயாளி, ஆதரவில்லாதவர் எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுவிட்டு மீதியைத் தான் உண்பான். ஒரு மழைக்கால இரவில் பசியோடு சிலர் வந்து எழுப்பினார்கள். அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் தவிப்பைப் பார்த்து சிந்தாதேவி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்றைக் கொடுத்தாள். அதுதான் அமுதசுரபி.

பிறகு நாட்டில் மழை பெய்து வளம் பெருகியது. பசித்தவர் யாரும் வரவில்லை. பாத்திரம் இருக்கிறது, பசி இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு அங்கே போகக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கினான். அவன் ஏறிவிட்டதாக நினைத்துக் கப்பல் போய்விட்டது. ஆள் இல்லாத தீவு. இந்தப் பாத்திரத்தை வைத்து என் ஒரு வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்வதா என்று நினைத்து, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். வருடத்துக்கு ஒருநாள் மேலே வா, அருள் உள்ளவர் யாராவது வந்தால் அவர் கைக்குப் போ என்று சொல்லிவிட்டு, உண்ணாமல் உயிரை விட்டான். அந்தப் பாத்திரம்தான் பின்னால் மணிமேகலையின் கைக்கு வந்தது. புகாரில் ஆதிரை முதல் பிச்சை போட்டாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோய் கொண்ட காயசண்டிகையின் பசி ஒரு பிடி சோற்றில் அடங்கியது. மணிமேகலை மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள்.

நான் இந்த இடத்துக்கு வந்தபோது அத்தை கேட்டாள். "மருமகனே, அந்தச் சட்டி வருசத்துக்கு ஒருநாள் வரும்னியே, அது எந்த நாளு?"

புத்தகத்தைப் பார்த்தேன். சாத்தனார் கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறார். சூரியன் ரிஷபத்தில் இருக்கும் இளவேனில், கார்த்திகை முதலாக எண்ணி பதின்மூன்று நட்சத்திரம் கழிந்த பிறகு வரும் நட்சத்திரம். எண்ணிப் பாருங்கள், பதினான்காவது விசாகம். புத்தர் பிறந்த அதே நாள் என்றும் சொல்கிறார்.

"வைகாசி விசாகம், அத்தை" என்றேன்.

"அப்ப அது வெசாக்குல்ல?" என்றாள்.

சரித்திரத்தில் பட்டம் வாங்கியவன் நான். ஊரில் எனக்குப் புத்திசாலி என்று பெயர். இந்த இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அத்தை சேர்த்துவிட்டாள். புத்தர் பிறந்த நாளில் தமிழ்க் காப்பியத்தில் சோற்றுப் பாத்திரம் மேலே வருகிறது. அதே நாளில் இலங்கையில் சோற்றுப் பந்தல் போடுகிறார்கள். மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவு என்றே பலர் கருதுகிறார்கள். இன்றும் அந்தத் தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் ஒரு பௌத்த விகாரையும் இருக்கின்றன.

அத்தை கீரையை உருவிக்கொண்டே பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"எழுபத்துமூணு, நாலுல அங்க பஞ்சம் உனக்குத் தெரியுமா? அரிசியக் கொறச்சான், மாவக் கொறச்சான். தோட்டத்துல வேலயும் கொறச்சான். லயத்துல தெனம் ஒரு சாவு கேக்கும். எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், நாலு வயசு. நீ பாத்ததில்ல. அந்த வருசம் வெசாக்குக்குக் கீழ இருக்க சிங்கள ஊருல பந்தல் போட்டானுங்க. இவன இடுப்புல வச்சுக்கிட்டு போனேன். வெரட்டுவானோன்னு பயந்தேன். ஒரு கெழவி எலயப் போட்டு உக்கார வச்சா. பய ரெண்டு தடவ வாங்கித் தின்னான். தின்னுட்டு மேல தொங்குன கூட்டக் காட்டி சிரிச்சான். அதுக்கப்புறம் அவன் வயிறு நெறஞ்சு நான் பாக்கல. ஆடி மாசம் போயிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "அடிச்சவனும் அந்த ஊர்லதான் இருந்தான், சோறு போட்டவளும் அந்த ஊர்லதான் இருந்தா. நான் கூடு கட்டுனது எம்புள்ளைக்குய்யா."

அவ்வளவுதான். கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

1973, 74-ல் இலங்கைத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன என்பது வரலாறு. எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் என் வீட்டுப் பின்கட்டில் அந்த வரலாறு கீரை உருவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. செய்த புண்ணியத்தை இறந்தவர்க்குப் பங்கு கொடுப்பது வெசாக்கின் வழக்கம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அத்தை பௌத்தம் படித்தவள் இல்லை. பிள்ளைக்கு ஒரு கூடு, தெருப் பிள்ளைகளுக்கு ஒரு கை கடலை, இதை அவள் தானாகச் செய்தாள்.

அதன் பிறகுதான் நான் இந்தத் தமிழ்ப் பௌத்தத்தைத் தேடிப் படித்தேன். வகுப்பில் "தமிழகத்தில் பௌத்தம் மறைந்தது" என்று ஒரு வரி நடத்துவேன். ஒருமுறை ஒரு பையன், "நம்ம ஊர்ப்பக்கம் புத்தர் வந்தாரா சார்?" என்று கேட்டதற்கு, "வரவில்லை, உட்கார்" என்றேன். புத்தர் வரவில்லைதான். ஆனால் பதில் அதோடு முடிவதில்லை. அந்தப் பையன் இதைப் படித்தால், பாக்கி பதில் இதோ.

காவிரிப்பூம்பட்டினத்தில் பௌத்த விகாரை இருந்த இடத்தைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்திருக்கிறது. பாலியில் பெரிய நூல்கள் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டுக்காரர். ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணி விகாரம் கட்ட, சைவரான ராஜராஜ சோழன் 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு விட்டுக்கொடுத்தான். அந்தச் செப்பேடு ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது. அங்கே எஞ்சி நின்ற பழைய கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். அந்த ஊர் மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான வெண்கலப் புத்தர்கள் கிடைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனால் பாருங்கள்.

1898 ஒரு முக்கியமான வருடம். அந்த வருடம்தான் உ.வே.சா. மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். அதே வருடம் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்று, திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட மக்கள் ஒருகாலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள், அதனாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அவர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' கோலார் தங்கவயல் வரைக்கும் போய்ப் படிக்கப்பட்டது. அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1956 அக்டோபர் 14-ல், நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இவர்களுக்குப் புத்த பூர்ணிமா என்றால், யாரும் பிறப்பால் தாழ்ந்தவரில்லை என்று சொன்னவர் பிறந்த நாள். இலங்கை பௌத்தருக்கு அது புண்ணிய நாள், இவர்களுக்கு மானத்தின் நாள். இரண்டும் உண்மைதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பௌத்தர்கள் சுமார் 11 ஆயிரம் பேர்.

இரண்டு தவறான செய்திகளையும் திருத்திவிடுகிறேன், வாட்ஸப்பில் அடிக்கடி வருகிறது. போடிநாயக்கனூரின் போடி, போதி மரத்தின் போதி அல்ல. பாளையக்கார நாயக்கரின் பெயர். உத்தமபாளையம் கருப்பணசாமி கோயில் பாறையில் அமர்ந்திருப்பவர்கள் புத்தர்கள் அல்ல, சமணத் தீர்த்தங்கரர்கள். அது வேறொரு பெரிய கதை, பிறகு எழுதுகிறேன். நம் பெருமைக்காக இல்லாததைச் சேர்க்க வேண்டாம். இருப்பதே நிறைய இருக்கிறது. சேலத்தில் ஊர்மக்கள் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுவந்த சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை சொல்ல, 2022-ல் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. பெயர் மறந்த பிறகும் மக்கள் விளக்கு வைப்பதை நிறுத்தவில்லை, பாருங்கள்.

அத்தை 1998-ல் தவறிவிட்டாள். அந்த முருங்கைக்கீரைப் பேச்சுக்குப் பிறகு ஆறேழு வருடம் இருந்தாள். "அத்தை, கூடு கட்டு" என்று நான் இரண்டு முறை சொன்னேன். "கண்ணு தெரியலய்யா" என்று தட்டிவிட்டாள். மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் மணிக்கணக்காகப் பேசியவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

கூடலூரில் இருக்கும் என் அத்தை மகள் இதைப் படிப்பார். மதினி, 1984-ல் நீங்களும் அந்த வாசலில் நின்றீர்கள். அத்தையிடம் கேட்காததை உங்களிடம் கேட்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடப் பௌர்ணமிக்கு என் பேத்தியை உட்கார வைத்துக் கூடு கட்டினேன். எட்டு முகம் எனக்குச் சரியாக வரவில்லை, ஒரு பக்கம் கோணல். திண்ணை உத்திரத்தில் பழைய ஆணி அப்படியே இருந்தது, அதிலேயே கட்டினோம். பொழுது சாய ஏலக்காட்டிலிருந்து ஜீப்புகள் இறங்கி வந்தன. வேலை முடிந்து வரும் பெண்களுக்கு அவித்த கடலையும் மோரும் கொடுத்தோம். ஒரு அம்மா கூட்டைப் பார்த்து நின்றார். "இது அட்டன்ல எங்க ஆத்தா காலத்துல கட்டுவாகளாம், கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். அவர்கள் வீட்டிலும் யாரோ கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். நம் பக்கம் தேடினால் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் எண்களைச் சொல்லிக்கொடுக்கும்போது, யார் வீட்டிலாவது சிலோனிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்களா என்று பிள்ளைகளிடம் ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படிப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன். பதிலும் போடுவேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் பழைய சரித்திர வாத்தியார்,
ராசிங்காபுரம்